மணியின் கடைசி நாட்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு மணிக்கு 14 வயது. நாட்டு நாய். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று சொன்ன டாக்டர், ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. நான் கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து வாயில் செலுத்துகிறேன். ஊசி போடுவது பாவம், தானாகப் போகட்டும் என்கிறார் அம்மா. ஒரு நாய்க்கு இவ்வளவா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். நாங்கள் செய்வது சரிதானா?

எம்., விருத்தாசலம்

அன்புள்ள எம்.,

முதலில் அந்தக் கஞ்சியை நிறுத்திவிடுங்கள். சிறுநீரகம் பழுதானால் வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன; அதனால் ஓயாத குமட்டலும், பல நேரங்களில் வாய்க்குள் புண்ணும் உண்டாகின்றன. மணி தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது பிடிவாதத்தால் அன்று. குமட்டலுக்கு மருந்து உண்டு, அதை டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு தானாக ஒரு வாய் தின்றால் தின்னட்டும். எங்கள் ராமுவுக்கு நானும் உங்களைப் போலத்தான் கஞ்சி புகட்டினேன். விழுங்கத் தெம்பில்லாத நாயின் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கி, மறுநாள் காலையில் அதன் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டது. பசியால் வாடக்கூடாது என்று நினைத்துச் செய்த காரியம் அதற்கு மூச்சுத் திணறலையும் சேர்த்துக் கொடுத்தது. இன்றும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் சும்மா காத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரவும் பகலுமான வேலை. டாக்டர் சம்மதித்தால் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்தினால், நீர் இறங்க இறங்க அங்கே சிறு திமில் போலப் புடைக்கும். சில மணி நேரத்தில் அது முன்னங்கால் பக்கம் சரிந்து, மெல்ல உடலில் கலந்துவிடும். எவ்வளவு ஏற்றுவது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்; இதயம் பலவீனமாக இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ அதே நீர் கெடுதலாகிவிடும்.

எழ முடியாமல் படுத்துவிட்டால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கையும் இடுப்பெலும்பும் தரையில் அழுந்தும் இடத்தில்தான் முதலில் புண் வரும். கெட்டியான மெத்தையின் மேல் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, நனைந்த உடனே மாற்றுங்கள். ஈரமான மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், ஆகவே பகலிலும் கொசுவலை கட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அவை கெடுத்துவிடும். (இதைப் படிப்பவர்களில் பூனை வளர்ப்பவர்களுக்கு: பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.)

வலியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நாய் பெரும்பாலும் அழாது. ஓரிடத்தில் கிடக்கும்போதே இரைப்பது, நடுங்குவது, படுத்துப் படுத்து எழுவது, தொட்டால் விலகுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அமெரிக்காவின் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும்; நிலைமை நன்றாக இருந்தால் அதிக மதிப்பெண், அதாவது வலி குறைவாக இருந்தால்தான் வலிக்கு அதிகம். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. நீங்களும் அம்மாவும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். ஒரே நாயை இருவரும் எவ்வளவு வேறாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எங்கள் வீட்டில் அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தானாகப் போகட்டும் என்றுதான் நானும் ராமுவை விட்டேன். தூக்கத்தில் போய்விடும் என்று நம்பினேன். இரண்டு இரவு வலிப்பு வந்து வந்து அடங்கியது. மூன்றாம் நாள் விடியலில்தான் உயிர் பிரிந்தது. அந்த இரண்டு இரவுகளை நான் அதற்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்க முடியும். உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிடும் நிலை ஒன்று விலங்குக்கு உண்டு என்பதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. அம்மா பாவம் என்று அஞ்சுவதை நான் மதிக்கிறேன். ஆனால் குமட்டலையும் வலிப்பையும் மருந்தால் அடக்க முடியாத கட்டம் வந்தால், ஊசியே அதற்கு நாம் செய்யும் கடைசிச் சிகிச்சை என்பது என் முடிவு. டாக்டர் வீட்டுக்கு வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முதல் ஊசியில் அயர்ந்து தூங்கும். அதன் பிறகே நரம்பில் மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்துவார்கள், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, நின்ற பிறகும் ஓரிரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் பிரியலாம். அம்மாவிடம் இதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உயிரோடு புதைக்கிறோமோ என்று கலங்கிப்போவார். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும் என்பதால், வேறு நாய்கள் தோண்டித் தின்றுவிடாதபடி, கிணற்றடிக்குத் தொலைவாக ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

ஒரு நாய்க்கு இவ்வளவா என்பவர்களுக்கு எடுத்தனூரைச் சொல்லுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து அந்த ஊரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதும் கல்லில் எழுதப்பட்டிருக்கின்றன.

கடைசி நேரத்தில் அம்மா பால் ஊற்ற விரும்புவார். வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். விரல் நுனியில் தொட்டு, மணியின் உதட்டு ஓரத்தில் தடவிவிடச் சொல்லுங்கள்.