பூசணிப் பிஞ்சு உதிர்ந்தால் தேனீப் பெட்டி வாங்க வேண்டுமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் 30 சென்ட் கிணற்றுத் தோட்டம். பூசணி, பீர்க்கு, கத்தரி போட்டிருக்கிறேன். பூ நிறைய வருகிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. நான்கு இத்தாலியத் தேனீப் பெட்டியும் ‘பட்டாம்பூச்சித் தோட்டம்’ என்று ஒரு கன்று செட்டும் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மானியமும் வாங்கித் தருவாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடியில் குட்டிக் காய் இருக்கும் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தைத் தடவுங்கள். ஐந்தாறு பூவுக்குச் செய்து நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் அவை மட்டும் பருத்தால், உங்கள் தோட்டத்துக்குப் பூச்சி போதவில்லை. அவையும் உதிர்ந்தால் தண்ணீர், பழ ஈ, சத்துக்குறை என்று வேறு பக்கம் பாருங்கள். பீர்க்கு மாலையில் மலரும். அதற்குச் சோதனையும் மாலையில்.

கத்தரிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டி வியாபாரிகள் இங்கேதான் ஏமாற்றுகிறார்கள். கத்தரிப் பூவில் மகரந்தம் வெளியே தூசியாக இருக்காது. மஞ்சள் குழாய்களுக்குள் அடைந்திருக்கும், நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. ஒரு பூச்சி பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ‘ங்ங்’ என்று உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இத்தாலியத் தேனீயானாலும் நம்மூர் அடுக்குத் தேனீயானாலும் அப்படித்தான். நீலவரித் தேனீயும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் இதைச் செய்யும். இவற்றை யாரும் பெட்டியில் அடைத்து உங்களுக்கு விற்க முடியாது. தக்காளிப் பூவும் இதே ரகம். கத்தரி விளைச்சல் கூடும் என்று சொல்லிப் பெட்டி விற்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். கருவண்டுக்குக் காய்ந்த மரமோ மூங்கிலோ வேண்டும். ஆகவே தோட்டத்தில் ஒரு மூலை மண்ணைக் கொத்தாமல், பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல், சிமெண்டு பூசாமல் விடுங்கள். பட்டுப்போன முருங்கைக் கட்டையை அடுப்புக்கு எடுக்காதீர்கள். வரப்பைச் சுத்தமாகச் சுரண்டும் பழக்கத்தை நிறுத்துங்கள், மழைக்குத் தும்பையும் நாயுருவியும் தானாக வரும். வேலியோரம் ஆவாரை. அதன் விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்துப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மழையே வளர்த்துவிடும். இடமிருந்தால் ஒரு புங்கனும் வேம்பும்; தரை காய்ந்துகிடக்கும் கோடையில் அவைதான் பூக்கும்.

பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் பூவை மட்டும் பார்க்காதீர்கள். புழு தின்ன இலை வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலை. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் மருந்தைத் தூக்கினால் பட்டாம்பூச்சிக் கனவை விட்டுவிடலாம். அந்தக் ‘கன்று செட்டில்’ பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? கலர் கலரான உண்ணிச்செடி. காட்டை விழுங்கும் வெளிநாட்டுச் செடியைக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் வேலியில் நட்டுவிட்டுப் போவார்.

பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது இமிடாகுளோபிரிட் மாதிரி ஊடுருவும் மருந்து வேண்டவே வேண்டாம், மகரந்தம் வரை போய்ச் சேரும். மாலையில் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது என்று மருந்துக்கடையில் சொல்வதை இந்த மருந்துக்கு நம்பாதீர்கள்.

நாற்றங்காலில் போய்த் தும்பை விதை கேட்டால் சிரிக்கிறார்கள். தேக்கு, மகாகனி என்றால் வண்டி நிறைய ஏற்றி விடுகிறார்கள். நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், நல்லது. அதே மாவட்டத்தில் தூர்வாருகிறோம் என்று கண்மாய்க்கரை ஆவாரையைப் பொக்லைன் வைத்து வழித்தெடுக்கிறார்கள். கேட்டால் ‘முட்புதர் அகற்றம்’ என்று பில்லில் எழுதியிருக்கும்.

தேனுக்காகப் பெட்டி வேண்டுமென்றால் அது வேறு விஷயம். இத்தாலியத் தேனீ உங்கள் 30 சென்டில் பசியாறாது, பூ இருக்கும் ஊருக்கெல்லாம் லாரியில் ஏற்றிப் போக வேண்டும். அடுக்குத் தேனீ ஒரு பெட்டி போதும். அதற்கும் முன்னால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறையில் போய் விசாரியுங்கள். மானியத்துக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. ஆதார் நகலையும் பாஸ்புக் நகலையும் அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். பெட்டி வாங்கும் நாளில் மூடியைத் திறக்கச் சொல்லி, ராணியும் முட்டையும் புழுவும் அடையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு காசை எண்ணுங்கள்.