அம்மாவுக்கு மறுபடி முட்டி ஆபரேஷன், எஃப்டிய உடைக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைல இருந்து எழுதறேனுங்க சார். அம்மாவுக்கு 66 வயசு, 2014ல கோயமுத்தூர்ல வலது முட்டி மாத்துனோம். இப்ப அது லூசாயிருச்சு, மறுபடி மாத்தணும்ங்கறாங்க, நாலரை லட்சம் ஆகுமாம். ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து 2 வருசம் 8 மாசம்தான் ஆச்சு, முன்னாடியே இருந்த நோய்க்கு கிளெய்ம் பண்ண 3 வருசம் வெயிட் பண்ணணும். அப்பாவோட எஃப்டி (ஃபிக்சட் டெபாசிட்) 6 லட்சத்த உடைச்சு உடனே பண்ணிரலாமா, நாலு மாசம் பொறுக்கலாமா?

பதில்: தம்பி, பொறுக்கலாமாங்கறத டாக்டர்தான் சொல்லணும், பணத்த வச்சு நாம முடிவு பண்ணக் கூடாது. லூசான இம்ப்ளாண்ட் (உள்ள வச்ச செயற்கை மூட்டு) ஆட ஆட எலும்பு தேஞ்சுட்டே போகும், ஆபரேஷனும் பெருசாயிரும். முதல்ல கிருமித் தொற்று இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஏன்னா எங்க பெரியம்மாவுக்கு அதுதான் ஆச்சு, ஒரு ஆபரேஷன்னு எஸ்டிமேட் குடுத்தாங்க, உள்ள தொற்றுன்னு தெரிஞ்சதும் பழச எடுத்துட்டு ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் ஸ்பேசர் (புது முட்டி வைக்கற வரைக்கும் அந்த இடத்துல வைக்கற தற்காலிகத் துண்டு) வச்சு, ஆறு வாரம் ஊசி போட்டு, அப்புறம்தான் புது முட்டி வச்சாங்க. அந்த ஆறு வாரமும் வாக்கர்தான், அடி ரப்பர் தேஞ்சு ரெண்டு தடவ மாத்துனோம். ஊசி போட வந்த நர்ஸம்மா, கமோடு சேர், பிசியோ, எதுவுமே எஸ்டிமேட்ல இல்ல. அதனால "ஒரே ஆபரேஷனா, ரெண்டா"ன்னு கேட்டு எழுதி வாங்கிருங்க.

டாக்டர் நாலு மாசம் தாங்கும்னு சொன்னா பொறுங்க, ஆனா பாலிசி எடுக்கறப்ப 2014 ஆபரேஷன ஃபார்ம்ல எழுதுனீங்களா? மறைச்சிருந்தா கிளெய்ம் நிக்கறது கஷ்டம், இப்பவே பாத்துக்கங்க. பாலிசில இருக்கற ரூம் வாடகை லிமிட்டத் தாண்டாதீங்க, தாண்டுனா டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்துலயும் அதே விகிதத்துல வெட்டிருவாங்க (இம்ப்ளாண்ட், மருந்து, டெஸ்ட்ல மட்டும் வெட்டக் கூடாதுன்னு விதி).

உடனே பண்ணணும்னா எஃப்டிய உடைக்காம அது மேல லோன் வாங்குங்க, பொதுவா 90 சதவீதம் வரைக்கும் தருவாங்க, எஃப்டி வட்டிய விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கூட இருக்கும், எஃப்டியும் ஓடிட்டு இருக்கும். அப்பா காசு தம்பி, முழுசா காலி பண்ணிராதீங்க, வீட்டுச் செலவுக்குன்னு ஒரு லட்சமாவது கைல வேணும். ரிவிஷன் (மறுபடி மாத்தற) முட்டி இம்ப்ளாண்டுக்கு 2017லயே அரசாங்கம் விலை வரம்பு வச்சிருச்சு, அப்ப 1,13,950 ரூபா, ஜிஎஸ்டி தனி. இப்ப எவ்வளவுன்னு கேட்டு, பில்லுல இம்ப்ளாண்ட் விலைய தனியா போடச் சொல்லுங்க.

அப்புறம் அந்த 2014 டிஸ்சார்ஜ் ஃபைலத் தேடி எடுங்க, அதுல ஒட்டியிருக்கற இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர டாக்டர் கண்டிப்பா கேப்பாரு.