எந்த அட்வைசரி உங்களுக்குக் கடைசி?

கேள்வி: ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், வெளியேற்ற மண்டலம் ஏ-வில் எங்களுக்கு ஒற்றைத் தள வீடு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது, அது போகும் வழியைக் கணித்துக் காட்டும் படத்தில் கோடு எங்களைவிட்டு வெகுதூரம் தள்ளிப் போனது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டோம். இரவில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். இரண்டே வாரத்தில் மில்டன். இந்த முறை கோடு நேராக எங்கள் தலைக்கு மேல். பயந்து ஆர்லாண்டோ பக்கம் ஓடினோம். புயலோ தெற்கே ஒதுங்கிவிட்டது, எங்கள் தெருவில் கடல்நீர் ஏறவே இல்லை. இப்போது சீசன் வந்தாலே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, தேசிய ஹரிகேன் மையத்தின் அட்வைசரி (புயல் அறிக்கை) வரும்போதெல்லாம், வீட்டில் சண்டை. "அடுத்த அட்வைசரி வரட்டும், பார்க்கலாம்" என்பார் கணவர். கூட இருக்கும் மாமியார், "கண்ணு இருக்குன்னு சொல்றாங்க, வழி மட்டும் தெரியாதா அதுக்கு?" என்கிறார். நகர்ந்துகொண்டே இருக்கும் கோட்டை வைத்து எப்படித்தான் முடிவெடுப்பது?

பதில்: மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். ஹரிகேனுக்குக் கண் உண்டு, கால் கிடையாது. ஆற்றில் ஒரு சுழி மிதந்து போவதை அவர் பார்த்திருப்பார். சுழி தானாக எங்கும் போவதில்லை, ஆறு இழுத்த பக்கம் போகிறது. இதுவும் அப்படித்தான். அட்லாண்டிக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பெர்முடா உயரழுத்தம் புயலை மேற்கே தள்ளும். அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தப் பள்ளம் அதைப் பிடித்து வடக்கே, பிறகு வடகிழக்கே திருப்பும். பள்ளம் அரை நாள் முந்திவந்தால் திருப்பமும் முந்தும். தாமதித்தால் புயல் இன்னும் கொஞ்சம் மேற்கே போய்த் திரும்பும். அந்த அரை நாளைத்தான் கணினி மாடல்கள் நாலைந்து நாள் முன்கூட்டியே கணிக்கப் பார்க்கின்றன.

இந்தத் தொல்லை எல்லாக் கரைக்கும் ஒரே அளவில் இல்லை. உங்கள் கரைக்குக் கொஞ்சம் அதிகம். கியூபா பக்கமிருந்து வடக்கே ஏறிவரும் புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையைச் செங்குத்தாக வந்து முட்டுவதில்லை, கரையை ஒட்டினாற்போல் சாய்வாக வருகிறது. காகிதத்தில் வரைந்து பாருங்கள். கரைக்குச் செங்குத்தாக வரும் கோட்டை 20 மைல் பக்கவாட்டில் நகர்த்தினால், அது கரையைத் தொடும் இடமும் 20 மைல்தான் நகரும். அதே கோடு 15 பாகைச் சாய்வில் வந்தால், அதே 20 மைல் நகர்வுக்குக் கரை தொடும் இடம் ஏறத்தாழ 77 மைல் நகர்ந்துவிடும். கணிப்பில் பிழை ஒன்றுதான், ஆனால் கரையில் இருப்பவர்களுக்கு ஊரே மாறிப்போகிறது.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி செய்தது இதைத்தான். டாம்பா பகுதி காலி செய்துகொண்டு காத்திருந்தது, அது முன்கூட்டியே திரும்பி பூண்டா கோர்டாவைத் தாக்கியது. 2022-இல் இயனும் அப்படியே. இரண்டு நாள் முன்பு கோடு டாம்பா பகுதியை நோக்கி இருந்தது. செப்டம்பர் 28 அன்று, மணிக்கு 150 மைல் காற்றோடு அது கரையேறிய கேயோ கோஸ்டா தீவு உங்கள் ஊருக்குச் சுமார் 80 மைல் தெற்கே. அந்தத் தீவு இருக்கும் லீ கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வெளியேற்ற உத்தரவு முந்தைய நாள் காலையில்தான் வந்தது. கோடு வேறு பக்கம் இருந்ததால் பலர் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஆனால் கடல்நீர் ஏற்றத்துக்கான வாட்ச் (ஆபத்து வரலாம் என்ற அறிவிப்பு; வரப்போகிறது என்றால் வார்னிங்) அந்தக் கரைக்கும் ஏற்கெனவே விடப்பட்டிருந்தது.

சரி, கூம்புக்கு வருவோம். தேசிய ஹரிகேன் மையம் கணிப்புப் படத்தில் கோட்டைச் சுற்றி வரையும் வெள்ளைக் கூம்பைப் பலரும் புயலின் அகலம் என்றோ, ஆபத்தின் எல்லை என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த மையத்தின் கணிப்புகள் எவ்வளவு தவறின என்று கணக்கிட்டு, சீசன் தொடங்கும் முன்பே கூம்பின் அகலத்தை நிர்ணயித்துவிடுவார்கள். அந்த ஆண்டு எந்தப் புயல் வந்தாலும் அதே அகலம்தான். எளிதில் கணிக்கக்கூடிய புயல், அடங்காத புயல் என்ற வித்தியாசம் அதில் தெரியாது. புயலின் மையப்புள்ளி மூன்றில் இரண்டு முறை அதற்குள் இருக்கும், மூன்றில் ஒரு முறை வெளியே போகும். அதுவும் மையப்புள்ளி மட்டும். காற்று, மழை, கடல்நீர் எதுவும் கூம்புக்குக் கட்டுப்பட்டதல்ல.

ஹெலீனில் உங்களுக்கு நடந்தது அதுதான். மையம் உங்கள் மேற்கே 100 மைலுக்கும் அப்பால் கடலில் போய், பெரி நகரத்துக்கு அருகே கரையேறியது. ஆனால் அது மிகப் பெரிய புயல். அதன் வலப்புறக் காற்று மணிக்கணக்காகக் கடலை உங்கள் விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. அன்று கோடு எந்தத் தவறும் செய்யவில்லை, போவதாகச் சொன்ன வழியில்தான் ஏறக்குறையப் போனது. நீங்கள் பார்க்க வேண்டியிருந்தது கோட்டை அல்ல.

மில்டனில் நேர்மாறு. அக்டோபர் 9 இரவு அது சியெஸ்டா கீயில், அதாவது உங்களுக்குச் சுமார் 35 மைல் தெற்கே கரையேறியது. வட அரைக்கோளத்தில் இந்தப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். அதனால் மையத்துக்கு வடக்கே இருந்த உங்கள் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. டாம்பா விரிகுடாவில் தண்ணீர் ஏறுவதற்குப் பதில் வற்றிப் போனது. மையம் இன்னும் 35, 40 மைல் வடக்கே கரையேறியிருந்தால் அதே காற்று விரிகுடாவை உங்கள் வரவேற்பறைக்குள் கொண்டுவந்திருக்கும். ஒன்றிரண்டு நாள் முன்னால் அந்த 40 மைலைப் பிரித்துச் சொல்ல இன்றைக்கு எவராலும் முடியாது. ஆகவே "வீணாக ஓடினோம்" என்று சொல்லாதீர்கள். அன்று உங்கள் ஊரில் ட்ரோபிகானா மைதானத்தின் கூரை கிழிந்தது, மழை 18 அங்குலத்தைத் தாண்டியது. வீட்டில் இருந்திருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

கோடு நகர்வதை எப்படிப் படிப்பது என்று கேட்டால், திசையைப் பாருங்கள் என்பேன். ஒரு அட்வைசரியில் கொஞ்சம் இடது, அடுத்ததில் கொஞ்சம் வலது என்று கார் வைப்பர் போல ஆடினால் அது வெறும் சலசலப்பு. மூன்று நான்கு அட்வைசரிகள் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் கவனியுங்கள். ஒரு மாடல் திடீரென்று தாவினால் ஹரிகேன் மையத்துக்காரர்கள் கூடவே தாவ மாட்டார்கள், பாதி தூரம் நகர்ந்துவிட்டு மாடலின் அடுத்த கணிப்புக்குக் காத்திருப்பார்கள். எனவே ஒரே பக்கமாக நகரும் கோடு இன்னும் அந்தப் பக்கம் போக இடமிருக்கிறது. இயனில் கடைசி நாட்களில் கோடு கிழக்கே, அதாவது கரையை நோக்கியே ஒதுங்கியது.

வேறு காரணங்களும் உண்டு. புயல் இளசாக இருக்கும்போது மையம் ஓரிடத்தில் கரைந்து பக்கத்தில் புதிதாக உருவாகும். காற்றோட்டத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே முழுக் கோடும் இடம்பெயர்ந்துவிடும். ஆகவே மையம் ஒழுங்காக உருவாகும் முன் வரும் ஐந்து நாள் கோடுகளுக்காகச் சண்டை போடாதீர்கள். பெட்ரோல் நிரப்பிவையுங்கள், அது போதும். புயலைச் சுற்றிப் பறந்து கருவிகளைப் போட்டு அளக்கும் விமானங்களின் தரவு மாடலுக்குள் போன பிறகு வரும் கணிப்புக்கு மதிப்பு கூடுதல்.

இன்னொரு விஷயம், இது உங்கள் கணவருக்கு. வழித்தடக் கணிப்பு ஒரு நாளைக்கு நான்கே முறைதான் புதிதாகிறது: உங்கள் நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11. கரைக்கு வாட்ச், வார்னிங் விட்ட பிறகு 2 மணிக்கும் 8 மணிக்கும் இடைக்கால அட்வைசரி வரும். அதில் புயல் இப்போது எங்கே, எவ்வளவு பலம் என்பது இருக்கும், புதிய வழித்தடம் இருக்காது. எட்டு மணிக்கு அவர் போனைத் தடவித் தடவிப் பார்ப்பது ஐந்து மணிக் கோட்டைத்தான்.

பல கணிப்புக் கோடுகளை ஒன்றாகப் போட்டுக் காட்டும் ஸ்பகெட்டிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நூல் கண்டில் இருக்கும் எல்லாக் கோடும் மாடல் அல்ல. எக்ஸ்டிஆர்பி என்று ஒன்று இருக்கும், புயல் இப்போது போகும் திசையில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு அது, அவ்வளவுதான். சிஎல்பி5 என்பது பழைய புயல்களின் சராசரிப் போக்கை வைத்துப் போட்டது. மற்ற மாடல்களின் திறமையை அளக்க வைத்திருக்கும் அளவுகோல் அது, யாரும் அதை நம்பிக் கணிப்பதில்லை. இவையெல்லாம் சேர்ந்து உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பீதியைக் கிளப்பும். என்னைக் கேட்டால் அந்தப் படத்தைப் பார்க்காமலே இருக்கலாம். பல மாடல்களைக் கலந்து அனுபவசாலி ஒருவர் போடும் அதிகாரபூர்வக் கோடு, சீசன் முழுவதும் எடுத்துப் பார்த்தால், தனி மாடல் எதற்கும் பெரும்பாலும் சளைத்ததில்லை.

இப்போது முடிவெடுக்கும் முறை. கோட்டை மறந்துவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் மண்டலம் அழைக்கப்பட்டதா? வெளியேற்ற மண்டலங்களைக் கடல்நீர் எங்கே ஏறும் என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். ஏ மண்டலம் முதலில் நனையும் மண்டலம். வெள்ளக் காப்பீட்டுப் பத்திரத்தில் ஏஇ, எக்ஸ் என்று இருக்குமே, அது வேறு கணக்கு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கவுன்டி ஏ மண்டலத்தைக் காலி செய்யச் சொன்னால், கோடு 100 மைல் தள்ளியிருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, உத்தரவுக்கு முன்பே நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டிய கெடு. ஹரிகேன் மையம் காற்று வந்துசேரும் நேரத்துக்கென்று தனி வரைபடம் போடுகிறது. மணிக்கு 39 மைல் காற்று எப்போது தொடங்கும் என்பதற்கு இரண்டு வகை உண்டு, மிகவும் சாத்தியமான நேரம் ஒன்று, முன்கூட்டியே வந்துவிடக்கூடிய நேரம் ஒன்று. இரண்டாவதை எடுங்கள். அதற்கும் முன்னால் காற்று வர பத்தில் ஒரு பங்கு வாய்ப்புதான். காற்று அந்த வேகத்தைத் தொட்ட பிறகு விரிகுடாப் பாலங்களை நம்ப முடியாது.

அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதன் காலை 8 மணிக்குக் காற்று வரலாம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் இரவே மழைப் பட்டைகள் வரத் தொடங்கும், இருட்டில் மாமியாரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ஆக செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சாதாரண நாளில் ஆர்லாண்டோ இரண்டு மணி நேரம், ஊரே கிளம்பும் நாளில் ஆறு என்று வையுங்கள். அப்படியானால் நண்பகலில் வண்டி நகர வேண்டும். ஜன்னல்களை அடைக்க, சாமான்களை மேலே தூக்கிவைக்க, மருந்துகளை எடுத்துவைக்க ஆறு மணி நேரம். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்க வேண்டும். செவ்வாய் காலை 5 மணி அட்வைசரி உங்களுக்குக் கடைசி. அதில் உங்கள் கரைக்கு ஸ்டார்ம் சர்ஜ் (கடல்நீர் ஏற்ற) வாட்ச் இருந்தாலோ, வார்னிங் இருந்தாலோ கிளம்புவது. இரண்டும் இல்லாமல், மண்டலத்துக்கு உத்தரவும் இல்லாமல் இருந்தால் இருப்பது. 11 மணிக்குக் கோடு எந்தப் பக்கம் போனாலும் அது உங்களுக்கான செய்தி அல்ல. இந்தக் கணக்கைப் புயல் இல்லாத நாளில் உட்கார்ந்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சண்டை போடுவதானால் அன்றைக்கே போட்டு முடித்துவிடலாம்.

அப்புறம், ஆர்லாண்டோவுக்குத்தான் போக வேண்டுமா? 2017-இல் இர்மாவுக்காக ஃப்ளோரிடாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வெளியேறும் உத்தரவு போனது. கோடு கிழக்குக் கரையிலிருந்து மேற்குக்கு நகர்ந்ததும், மயாமியிலிருந்து இந்தப் பக்கம் ஓடிவந்த சிலர் புயலின் வழியிலேயே வந்து நின்றார்கள். நீங்கள் தப்ப வேண்டியது தண்ணீரிடமிருந்து. அதற்கு நூறு மைல் தேவையில்லை, மேடு இருந்தால் போதும். உங்கள் பினெல்லஸ் கவுன்டிக்குள்ளேயே எந்த வெளியேற்ற மண்டலத்திலும் சேராத பகுதிகள் இருக்கின்றன. அங்கே உறுதியான கட்டடத்தில் இருக்கும் நண்பர் குடும்பம் ஒன்றிடம் இப்போதே பேசிவையுங்கள். மொபைல் ஹோம் மட்டும் வேண்டாம். பாலம் தாண்ட வேண்டாம், நெடுஞ்சாலையில் நிற்க வேண்டாம், அரை மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். மேலே போட்ட கணக்கில் காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலையைப் பத்து மணிக்குத் தொடங்கலாம். அடைக்கும் வேலையை முந்தைய நாளே முடித்துவிட்டால் உங்கள் கணவருக்கு 11 மணி அட்வைசரியும் கிடைக்கும்.