ஆமியில் முழுநேரமா ரிசேர்வா? மகனின் கணக்கும் வெள்ளவத்தை ஃபிளாட்டும்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. கிரீன் கார்டோடு நியூ ஜெர்சியில் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறான். இப்போது அமெரிக்க ஆமியில் சேரப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முழுநேரமாகப் போவதா, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் போகும் ரிசேர்வில் சேர்வதா? ரிசேர்வ் என்றால் சண்டைக்கு அனுப்பமாட்டார்கள்தானே? அவன் சம்பளத்தை நம்பி வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குக் கடன் எடுக்கவும் யோசிக்கிறேன். (ஒரு தாய், தெஹிவளை)

பதில்: அக்கா, ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் வயிறு கலங்கும், ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்புவார்கள். ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ரிசேர்வ் ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், சிலரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. பயத்துக்காக ரிசேர்வைத் தேர்ந்தெடுத்தால் அது தப்புக் கணக்கு.

சரி, காசுக்கு வருவோம். ரிசேர்வில் ஒரு சனி ஞாயிறுக்கு நான்கு நாள் அடிப்படைச் சம்பளம் கிடைக்கும், அதோடு வருடத்தில் இரண்டு கிழமைப் பயிற்சி. கணக்குப் பார்க்க வசதியாக மாத அடிப்படைச் சம்பளம் 3000 டொலர் என்று வைப்போம். முழுநேரக்காரனுக்கு வருடம் 36,000. ரிசேர்வ்காரனுக்குக் கிட்டத்தட்ட 63 நாள் சம்பளம், அதாவது 6300. முழுநேரக்காரனுக்குத் தங்குமிடமும் சாப்பாடும், அல்லது அவற்றுக்கான வரியில்லாத படியும் உண்டு, மருத்துவமும் இலவசம். ரிசேர்வில் மருத்துவக் காப்புறுதிக்கு மாதாமாதம் கட்டணம் கட்டவேண்டும், வெளியில் வாங்குவதைவிட மலிவு என்பது உண்மைதான். ஆக ரிசேர்வ் என்பது கையில் நல்ல வேலை ஒன்று இருப்பவனுக்குப் பக்க வருமானம். உங்கள் மகனிடம் இருப்பது களஞ்சியசாலை வேலை.

ஓய்வூதியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2018இல் வந்த முறைப்படி முழுநேரமாக 20 வருடம் முடித்தால், அதிக சம்பளம் வாங்கிய 36 மாதங்களின் சராசரியில் 40 சதவீதம், 43 வயதிலேயே கைக்கு வரத் தொடங்கும். ரிசேர்வில் நாட்களைப் புள்ளியாக எண்ணுவார்கள். வழமையான அளவுக்கு மட்டும் போய்வந்தால் 20 வருடத்துக்கு வருவது எட்டரை சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் பொதுவாக 60 வயதில்தான். ஆனால் எத்தனை பேர் 20 வருடம் நிற்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே வெளியே வந்துவிடுவார்கள். அதனால் நான் பெரிதாகப் பார்ப்பது டிஎஸ்பி என்ற சேமிப்பைத்தான், நம் ஈபிஎப் மாதிரி. இங்கே முதலாளி 12 சதவீதம் போடுகிறார், அங்கே அரசாங்கம் 1 சதவீதம் தானாகப் போடும், இரண்டு வருடத்துக்குப் பிறகு மகன் 5 போட்டால் அதுவும் மொத்தம் 5 போடும். இது இரண்டு வழியிலும் உண்டு, இரண்டு வருடம் முடித்தபின் விலகினாலும் முழுவதும் அவனுடையது. முதல் மாதத்திலேயே 5 வெட்டச் சொல்லுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் அந்தக் காசு போய் ஒரு காரில் நிற்கும்.

அவன் வயதுக்கு எல்லாவற்றையும்விடப் பெறுமதி படிப்பு. மூன்று வருடம் முழுநேரமாக இருந்தாலே, ஜிஐ பில் என்ற படைவீரர் படிப்பு உதவித் திட்டத்தின் கீழ் 36 மாதப் படிப்புக்கு அரச பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும், கூடவே வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். ரிசேர்வில் ஆறு வருட ஒப்பந்தத்துக்கு மாதாந்தம் ஒரு சிறு தொகைதான். குடியுரிமைக்கு இரண்டும் உதவும், ஆனால் குடியுரிமை எடுக்கும்வரை அதிகாரியாக முடியாது.

என்னைக் கேட்டால் முழுநேரமாக நான்கு வருடம், பிறகு ஜிஐ பில்லில் படிப்பு, படிக்கும்போது ரிசேர்வ். எந்த வழியில் சேர்ந்தாலும் மொத்தக் கடப்பாடு எட்டு வருடம் என்பதால், மிச்ச வருடங்களும் அதில் கழியும்.

அடுத்தது ஃபிளாட். இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் கோபம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். அதே வருடம் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியதும், வட்டி மாறும் கடன் எடுத்தவர்கள் தவணைக்குச் சீட்டைத் தள்ளி எடுத்ததையும் நான் பார்த்தேன். பயிற்சியில் காயப்பட்டோ வேறு காரணத்தாலோ இடையில் வெளியே அனுப்பப்பட்டால் அவன் சம்பளம் நின்றுவிடும், பாங்க் உங்களைத்தான் கேட்கும். அவன் அனுப்பாவிட்டாலும் உங்கள் வருமானத்தில் கட்டக்கூடிய தவணை எவ்வளவோ, அந்த அளவுக்கு மட்டும் கடன் எடுங்கள். அவன் அனுப்புவது வந்தால் கடனின் மூலத்தொகையில் கழிக்கலாம்.

சேரும்போது தருவதாகச் சொல்லும் போனஸை ஃபிளாட் முற்பணத்தில் சேர்க்கவே வேண்டாம், வரி போகும், ஒப்பந்தத்தை முடிக்காவிட்டால் திருப்பியும் கேட்பார்கள். வாயால் சொன்ன போனஸ், வாயால் சொன்ன வேலைப் பிரிவு எதுவும் தாளில் இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்து வைக்கும் முன் அந்த ஒப்பந்தத்தைப் படமெடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், சித்தப்பாவும் ஒருமுறை வாசிக்கட்டும்.