கேள்வி பதில்: கடல் கடக்கும் பார்சலும் காசும்

கேள்வி: மகள் பிரான்ஸில் இருக்கிறாள். நாலு கிலோ கருவாடு, மிளகாய்த்தூள், தேன், நெய், கறிவேப்பிலை, மருமகனுக்கு மருதமுனைச் சாரம் இரண்டு அனுப்ப விருப்பம். எல்லாம் போய்ச் சேருமா?
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: நெய்யையும் கறிவேப்பிலையையும் எடுத்து வைத்துவிடுங்கள். இங்கிருந்து தனியாள் அனுப்பும் பார்சலில் பாலுணவும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போகாது. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால் இதில் கண்டிப்பு அதிகம். ஒரு பிடி இலைக்காக முழுப் பெட்டியும் மாட்டிக்கொள்ளும். கருவாட்டுக்கு 20 கிலோ வரையும் தேனுக்கு 2 கிலோ வரையும் அனுமதி உண்டு.

கருவாட்டை இன்னும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, காற்று உறிஞ்சிய உறையில் அடையுங்கள். மாரி மழைக் காலத்தில் கருவாடு அனுப்பாமலிருப்பது நல்லது. ஈரம் இருந்தால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கும். மிளகாய் வறுத்து இடித்த தூள் முழுதாக ஆறிய பிறகுதான் பையில் போக வேண்டும். இரண்டு பை போட்டு, மேலே ஆங்கிலத்தில் பெயர் ஒட்டுங்கள். பெயரில்லாத தூள் எந்தச் சுங்கத்திலும் சந்தேகத்தைக் கிளப்பும். சாரத்தைத் தனி உறையில் வையுங்கள், கருவாட்டு மணம் ஏறினால் பிறகு போகாது.

சுங்கப் படிவத்தில் 'சாப்பாட்டுச் சாமான்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், நிறை, பெறுமதி தனித்தனியாக வர வேண்டும். 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் அடையாளமிடுங்கள். மொத்தப் பெறுமதி 45 யூரோவுக்குள் இருந்தால் வரியில்லை. கடைக்காரரே நேரே அனுப்பினால் அது அன்பளிப்பாகாது, உங்கள் பெயரில் போக வேண்டும். பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்வோர் பேச்சைக் கேட்க வேண்டாம். பார்சல் தொலைந்தால் நட்டஈடு எழுதிய தொகையைத் தாண்டாது.

கேள்வி: சுவிஸில் இருக்கும் தம்பி காசு போடப் போனால் என்னுடைய 'ஐபான்' இலக்கத்தைக் கேட்கிறார்களாம். வங்கிப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லையே?
(வாசகர், கல்முனை)

பதில்: ஐபான் என்பது பன்னாட்டு வங்கிக் கணக்கு இலக்கம். இலங்கையில் அந்த முறை இல்லை, தேடி அலைய வேண்டாம். கணக்கு இலக்கம், வங்கியின் பெயர், கிளை, வங்கியை வெளிநாட்டில் அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடு இவை நான்கும் போதும். சுவிஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்தில் இருக்கும், ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் இலங்கையைக் குறிக்கும் எல், கே. கிளையில் கேட்டு எழுத்திலேயே வாங்குங்கள்.

காசு திரும்பிப் போவதற்குப் பெயரும் ஒரு காரணம். வீட்டில் கூப்பிடும் பெயரைத் தம்பி எழுதியிருப்பார், புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வேறு மாதிரி இருக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், எழுத்துக்கு எழுத்து அப்படியே போடட்டும். இடைவங்கிகள் கழிக்கும் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும்படி அங்கே தெரிவு செய்யலாம். செய்யாவிட்டால் தொகை குறைந்துதான் வரும்.

வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம் காசு கைமாற்றும் உண்டியலில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று அதில் போட வேண்டாம். காசு வராமல் போனால் கையில் துண்டும் இருக்காது, முறையிட இடமும் இருக்காது.