அட்வான்ஸை அப்புறம் கொடுங்கள், முதலில் வங்கிக்குப் போங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் ஒரு பழைய தனி வீட்டை 48 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். கையில் 7 லட்சம் இருக்கிறது. புரோக்கர் கூட்டி வந்த லோன் ஏஜென்ட், வீட்டு விலையில் 90 சதவீதம் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுப் பத்திரம் ஒரு வங்கியில் இருக்கிறதாம். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்போதைய நிலையில் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்த 90 சதவீதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தொகை 30 லட்சத்துக்குள் இருந்தால்தான் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். எந்த வீட்டுக்கடன் ஏஜென்டுக்கும் இது மனப்பாடம். தெரிந்துகொண்டேதான் உங்களிடம் 90 என்கிறார். நீங்கள் அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்டால் பிறகு அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவீர்கள் அல்லவா?

அந்த 80 சதவீதமும் நீங்கள் பேசிய 48 லட்சத்துக்குக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வங்கி தன் இன்ஜினீயரை அனுப்பி வீட்டை மதிப்பிடும். அவர் போடும் மதிப்பு, ஒப்பந்த விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. பழைய வீடுகளில் பிளான் அப்ரூவல் கீழ்த்தளத்துக்கு மட்டும் இருக்கும், மாடியைப் பின்னால் கட்டியிருப்பார்கள். அந்த மாடியை இன்ஜினீயர் மதிப்பில் சேர்க்காமல் விடலாம். 44 லட்சம் என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். கடன் 35 லட்சத்து 20 ஆயிரம். மீதி 12 லட்சத்து 80 ஆயிரம் உங்கள் பணம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 48 லட்சத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். இதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது. மொத்தம் 17 லட்சத்தைத் தாண்டுகிறது. பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம், கடன் அடமானப் பதிவான எம்.ஓ.டி. செலவு எல்லாம் இதற்கு மேல். உங்களிடம் இருப்பது 7 லட்சம்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப ஏஜென்ட் வழி சொல்லுவார், கேட்காமலே சொல்லுவார். 48 லட்சத்து வீட்டை 58 லட்சம் என்று இன்னொரு ஒப்பந்தம் போட்டு வங்கிக்குக் காட்டலாம் என்பார். பற்றாக்குறைக்கு பர்சனல் லோன் எடுக்கலாம் என்பார். பொய் ஒப்பந்தத்தை வங்கியில் கொடுப்பது மோசடி. அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜென்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வீட்டுக்கடன் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சிக்கியவர்கள் அழுதுகொண்டு எதிரே உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கமிஷன் வாங்கிய ஆள் ஒருநாளும் கூட வந்ததில்லை.

எதிர்ப்பக்கத் தந்திரமும் உண்டு. ‘பத்திரத்தில் அரசு வைத்திருக்கும் கைடுலைன் மதிப்பை மட்டும் போட்டுக்கொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்’ என்று வீட்டுக்காரர் கேட்கலாம். பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும். தவிர, வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். இதைச் சொன்னால் பெரும்பாலும் அவரே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவார்.

பத்திரம் வங்கியில் இருப்பதைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். பொதுவாக, மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது என்று சொல்வேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் அதற்கு விலக்கு, ஆனால் சோதித்துப் பார்த்த பிறகு. முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் அந்த வங்கியின் பெயரில் எம்.ஓ.டி. பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பத்திரம் வங்கியில் இல்லை, ஏதோ ஒரு பைனான்ஸ்காரர் பீரோவில் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பதிவு செய்யாமல் பத்திரத்தை வைத்துக்கொண்டு கொடுத்த கடன் வில்லங்கத்தில் வராது.

எம்.ஓ.டி. இருந்தால், வீட்டுக்காரரை அவர் வங்கியிலிருந்து இரண்டு காகிதம் வாங்கிவரச் சொல்லுங்கள். கடன் நிலுவைக் கடிதம், வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக்கடன் நிலுவை 6 லட்சம் என்று கடிதம் வரும். அதே வீட்டை அவர் தன் கடைக்கு வாங்கிய ஓ.டி. (ஓவர்டிராப்ட்) கடனுக்கும் ஈடாகக் காட்டியிருந்தால், 6 லட்சத்தைக் கட்டினாலும் வங்கி பத்திரத்தை விடாது. ஆகவே ‘இந்தச் சொத்தின் மீது வேறு எந்தக் கடனும் இல்லை’ என்ற வரி அந்தக் கடிதத்தில் கண்டிப்பாக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வந்தாலும் வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்கிலேயே கட்டுங்கள். கடன் முழுதும் அடைந்ததும் 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும்; 2023 டிசம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. எம்.ஓ.டி. ரத்து ரசீதும் பதிவாக வேண்டும். பத்திரம் கைக்கு வந்துவிட்டதே என்று இதை விட்டுவிட்டால் வில்லங்கத்தில் பழைய கடன் அப்படியே நிற்கும்.

இத்தனைக்கும் ஓடுவது நீங்கள்தான். இரண்டு வங்கிகளும் ஒன்றோடொன்று பேசினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது. பேசமாட்டார்கள். வங்கி வக்கீலின் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகும், பத்திரங்களைப் பார்த்து அவர் எழுதும் சட்டக் கருத்தான ஒப்பீனியனின் நகலைக் கேட்டால் ‘அது எங்கள் உபயோகத்துக்கு’ என்பார்கள். காசு கொடுத்தவனுக்கே அறிக்கையைக் காட்டாத வழக்கத்தை நான் பணியில் இருந்தபோதும் எதிர்த்தேன், இன்றும் ஏற்கவில்லை. ஆகவே உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையைப் பற்றியும் கொஞ்சம். 35 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 29,440 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 23,470 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 6,000கூட இல்லை. தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவீதமாக ஏறி, தவணையை ஏற்றாமல் விட்டால், 20 வருடக் கடன் கிட்டத்தட்ட 31 வருடமாக நீளும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. எனவே வட்டி மாறும்போது தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுவசதிக் கடன் நிறுவனத்தைவிட வங்கியில் கடன் வாங்குங்கள்; 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிய மாறும் வட்டிக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் இன்சூரன்ஸ் திணித்தால் மறுத்துவிடுங்கள். அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பத்திர நகல், வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏஜென்ட் இல்லாமல் நேரே ஒரு வங்கிக் கிளைக்குப் போங்கள். எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை வைத்து உங்களிடம் எத்தனை லட்சம் குறைகிறது, அது எங்கிருந்து வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வழி இருந்தால் மட்டும், ‘கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் குறை வந்தாலோ அட்வான்ஸ் முழுதும் 15 நாளில் திரும்ப வேண்டும்’ என்ற வரியோடு ஒப்பந்தம் எழுதி, அதைப் பதிவு செய்துவிட்டு, ஒரு லட்சம் கொடுங்கள். இந்த வரியை எழுத வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையென்றால், அவர் சொன்ன அந்த வேறு ஆளுக்கே விற்றுக்கொள்ளட்டும்.