லா முடிச்ச பொண்ணு வக்கீல் ஆகறதுக்குள்ள என்னென்ன இருக்கு

அக்கா, பொண்ணு அஞ்சு வருஷ பிஏ எல்எல்பி முடிச்சுட்டா, பட்டமளிப்பு விழா வரைக்கும் வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு கேட்டிருந்தீங்க. வேணாம்க்கா. புரொவிஷனல் சர்டிபிகேட் (தற்காலிக டிகிரி சான்றிதழ்) கைக்கு வந்த உடனே என்ரோல்மென்ட், அதாவது வக்கீலா பேர் பதியற வேலைய ஆரம்பிச்சுடுங்க. லா டிகிரி வாங்கிட்டாலே வக்கீல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா வக்கீல்கள ஒழுங்குபடுத்தற அமைப்பான பார் கவுன்சில்ல பேர் பதிஞ்சாதான் கோர்ட்ல கவுன் போட முடியும். அதுவுமில்லாம பொண்ணுக்கு ஜட்ஜ் ஆகணும்னு ஆசைன்னு சொல்றீங்க. சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுத குறைஞ்சது 3 வருஷம் பிராக்டீஸ் வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் தீர்ப்பு சொல்லிடுச்சு, அந்த வருஷக் கணக்கு புரொவிஷனல் என்ரோல்மென்ட் (தற்காலிகப் பதிவு) ஆன தேதியிலிருந்துதான் ஓடும். அதனால வீட்டுல சும்மா இருக்கற ஒவ்வொரு மாசமும் அவளுக்கு நஷ்டம்தான்.

பதிவு பண்றது தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல, ஆபீஸ் சென்னை ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளயே இருக்கு. 21 வயசு முடிஞ்சிருக்கணும், இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் உள்ள காலேஜ்ல நேர்ல போய் படிச்ச டிகிரியா இருக்கணும், தபால்ல படிச்ச லா டிகிரி செல்லாது.

பசங்க அதிகமா மாட்டிக்கிறது பேர்லதான். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா பின்னாடி வந்திருக்கும், டிகிரி சர்டிபிகேட்ல ஒரு எழுத்து மாறி இருக்கும். இன்னைக்கே எல்லாத்தையும் வரிசையா மேஜை மேல வச்சு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, தப்பு இருந்தா அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க. அவ பேர்ல ஏதாவது கேஸ் இருந்தா, காலேஜ் போராட்டத்துல போட்ட கேஸா இருந்தாலும் சரி, மறைக்காம எழுதச் சொல்லுங்க. முக்கியமான விஷயத்த மறைச்சு பதிவு வாங்கினது தெரிஞ்சா பின்னாடி பேரையே நீக்க சட்டத்துல இடம் இருக்கு.

பதிவு ஃபீஸ் விஷயத்துல பயந்து போயிருக்கீங்க, யாரோ பெரிய தொகை சொல்லியிருக்காங்க. வக்கீல் சட்டம் 1961, 24வது பிரிவுப்படி பொதுப் பிரிவுக்கு 750 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 125 ரூபா, இது போக ஸ்டாம்ப் டியூட்டி இருந்தா அது. முன்னாடி ஒவ்வொரு மாநிலத்துலயும் பல்லாயிரக்கணக்குல வாங்கிட்டு இருந்தாங்க, 2024 ஜூலை 30ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு முற்றுப்புள்ளி வச்சுடுச்சு. இது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு கிடைச்ச பெரிய நியாயம்னு நான் மனசார நம்புறேன், அதனால புரோக்கர் யாரு வந்தாலும் ஒரு பைசா குடுக்காதீங்க.

பதிவு ஆனதும் கிடைக்கறது தற்காலிகம்தான். 2 வருஷத்துக்குள்ள ஆல் இந்தியா பார் எக்ஸாம் பாஸ் பண்ணணும், அதுவரைக்கும் பிராக்டீஸ் பண்ணலாம். 100 கேள்வி, எல்லாமே சரியான விடைய தேர்ந்தெடுக்கறது, தப்பா எழுதினா மார்க் குறைக்க மாட்டாங்க, தமிழ்லயும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 40. பேர் ஆக்ட் (Bare Act), அதாவது விளக்கம் எதுவும் இல்லாம சட்டம் மட்டும் அச்சடிச்ச புக், பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டு போகலாம்தான், ஆனா நோட்ஸ் இல்லாத சுத்தமான புக்கா இருக்கணும், மார்ஜின்ல பென்சில்ல கிறுக்கி வச்சிருக்கற காலேஜ் புக்க நம்பிப் போனா ஹால்ல சிக்கல். ஐபிசிங்கற பழைய இந்திய தண்டனைச் சட்டம் இருந்த இடத்துல 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதனால பழைய புக் வேணாம், புதுசு வாங்கிக் குடுங்க.

சீனியர் வக்கீல்கிட்ட ஜூனியரா சேர்ந்தா சம்பளம் வருமான்னு கேட்டீங்க இல்ல. சென்னை, மதுரை, கோவைல ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு சென்னை ஹைகோர்ட் 2024ல சொல்லுச்சு, ஆனா எல்லா ஆபீஸ்லயும் அது நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். சேர்றதுக்கு முன்னாடியே எவ்ளோ தருவீங்கன்னு அவளே வாய் திறந்து கேக்கட்டும், கூச்சப்பட வேண்டாம். முழுநேர வேலைக்குப் போய்க்கிட்டே பிராக்டீஸ் பண்ண முடியாது, அதனால முதல் ஒரு வருஷம் வீட்டுலருந்து பஸ் செலவு, சாப்பாட்டு செலவுக்கு நீங்க கை குடுக்க வேண்டியிருக்கும், அதுக்கு இப்பவே கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கோங்க அக்கா.